சீனிச்சாமியின் பதினைந்தாவது விண்ணப்பம்

எங்கள் ஊரில் கைவித்தையால் மறைந்த பொருள் எதுவானாலும் ஏழு நாள் என் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும். பத்துக்கு ஐந்துக்கு மேல் போட்டால் மறைந்தது மறைந்ததுதான். ஐந்துக்குக் கீழே போட்டால் என் மேசையின் இடதுபக்கத் தட்டில் வந்து விழும். உரியவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போகலாம். சரியாக ஐந்து போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த ஞானப்பிரகாசம் ஒரு எலுமிச்சம்பழத்துக்கு ஐந்து போட்டுவிட்டார். பழத்தின் தோல் மட்டும் தட்டில் வந்தது.

நகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கம், பிறப்பு இறப்புப் பதிவுக்கும் நாய் உரிமத்துக்கும் நடுவில் இருக்கிறது என் பிரிவு. பதினெட்டு வருடமாக இங்கே உட்கார்ந்து மேசை வித்தைகளை மதிப்பிடுகிறேன். மேடை வித்தை என் வேலை இல்லை. முழங்கைக்கும் மூக்குக்கும் நடுவில் நடப்பது மட்டும் என்னிடம் வரும். தோற்றுப்போன வித்தைகளின் சாமான்கள் விதிப்படி மதிப்பீட்டாளருக்குச் சேரும் என்பதால் என் வீட்டில் இப்போது ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. இரட்டை அடி வைத்த டம்ளர்கள், காந்தம் ஒளித்த மோதிரங்கள், எல்லாச் சீட்டும் டைமண்ட் ஏழாக இருக்கும் சீட்டுக்கட்டுகள். போலிக் கட்டைவிரல் மட்டும் ஒரு மரப்பெட்டி நிறைய. எல்லாம் ரோஸ் நிறம். அந்த நிறத்தில் விரலோடு எங்கள் ஊரில் இதுவரை யாரும் பிறக்கவில்லை என்று பிறப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து லூர்துமேரி சொன்னார். பிறப்பு இறப்புப் பிரிவில் இருப்பவர் அவர்தான். அந்த விரலை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து கையை விரித்துக் காட்டுகிறவர்களுக்கு என்ன தைரியம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வேலையில் சேரும்போது மதிப்பீட்டாளர் தன் புருவங்களை ஒப்படைத்துவிட வேண்டும். ஞானப்பிரகாசம் என் நெற்றியில் ஒரு கைக்குட்டையைப் போட்டு எடுத்தார். புருவங்கள் போயின. அவரே ஏழு மதிப்பெண்ணும் போட்டுக்கொண்டார், கைக்குட்டை அவ்வளவு சுத்தமாக இல்லை என்று மூன்று குறைத்து. வெயில் காலத்தில் வியர்வை நேராகக் கண்ணில் இறங்குகிறது. வேறு தொந்தரவு இல்லை.

மதிப்பெண் படிவம் எளிமையானது. பொருளுக்கு, அதாவது வித்தைச் சாமானுக்கு இரண்டு, கைநேர்த்திக்கு இரண்டு, வியப்புக்கு ஆறு. வியப்பு என்பது பார்வையாளரின் புருவம் எத்தனை நூல் ஏறியது என்பது. ஆசாரிகள் மரம் அளக்கிற அதே நூல்தான், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நூலுக்கு ஒரு மதிப்பெண். இதில் என் முறை ஒன்று உண்டு. புருவத்தைக் கேட்பதற்கு முன்னால் வித்தையின் சூட்சுமத்தைப் பார்வையாளரிடம் சொல்லிவிடுவேன். "காந்தம் அவருடைய இடது கைப் பட்டனில் இருக்கிறது" என்று சொன்ன பிறகு எந்தப் புருவமும் மேலே நிற்காது. அதனால்தான் பதினெட்டு வருடத்தில் நான் ஐந்துக்கு மேல் போட நேர்ந்ததில்லை. இந்த ஊரில் ஒரு குண்டூசிகூடத் தொலையவில்லை. இதற்காக யாரும் எனக்கு நன்றி சொன்னதும் இல்லை.

சீனிச்சாமி தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவர். பதினைந்து வருடத்தில் பதினான்கு விண்ணப்பம் கொடுத்திருந்தார். அதிகபட்சம் ஒன்றேகால் வாங்கியிருக்கிறார். கொட்டைப்பாக்கை மறைத்தார். நான் எழுதினேன்: "பாக்கு மறைந்தது. மறைந்த பாக்கை வித்தைக்காரர் மென்றுகொண்டிருந்தது மறையவில்லை. அரை." சீப்பை மறைத்தார். "வழுக்கைத் தலையர் சட்டைப்பையில் சீப்பு இருந்ததே முதல் சந்தேகம். கால்." மூக்குக்கண்ணாடியை மறைத்தபோது எழுதியது எனக்கே பிடித்திருந்தது: "கண்ணாடி மறைந்த பிறகு அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. முக்கால்." மதிப்புரைகளை அலுவலகப் பலகையில் ஒட்டுவோம். டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து படித்துவிட்டுப் போவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பதினைந்தாவது விண்ணப்பத்தை அவர் கொண்டுவரவில்லை. அவருடைய மனைவி ராசகனி கொண்டுவந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒரு தீப்பெட்டி, ஒரு படிவம். மறைக்கப்பட்ட பொருள் என்ற இடத்தில் "நான்" என்று எழுதியிருந்தது. பார்வையாளர் என்ற இடத்தில் ராசகனியின் பெயர் மட்டும். குறிப்பு என்ற இடத்தில் கட்டத்துக்கு வெளியே வரும்படி பெரிதாக, "இப்ப எழுதுங்க சார் பாக்கலாம்."

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"நேத்து காலையில பத்து மணிக்கு சார். அவுக இந்தப் பெட்டியத் தெறந்து காட்டுனாக. ஒண்ணுமில்ல. எங்கையில குடுத்து, ராசகனி, மூடுன்னாக. மூடுனேன். நிமிந்து பாத்தா ஆளக் காணோம்."

"பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா?"

"பாத்தேன் சார். உள்ளயும் இல்ல."

தீப்பெட்டியை வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஜன்னல் பக்கம் வைத்துத் திறந்தேன். காலிப் பெட்டி. அரக்கு நிறத்தில் ஒரு கிளி படம் போட்ட லேபிள், கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. திரும்ப மூடினேன். பிறகு கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். சோறு ஆறிவிட்டது.

மாலைக்குள் பெட்டியைப் பிரித்துவிட்டேன். இரட்டை அடி இல்லை. நூல் இல்லை, மெழுகு இல்லை, முடி இல்லை. செவ்வாயன்று திரும்ப ஒட்டி, தபால் தராசில் நிறுத்தேன். ஒரு காலித் தீப்பெட்டி எவ்வளவு இருக்குமோ அவ்வளவு இருந்தது. கம்பெனிக்குப் போய் அதே கிளி லேபிளில் ஐம்பது பெட்டி வாங்கிவந்து ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்தேன். புதனன்று ராசகனியின் வீட்டுக்குப் போனேன். சீனிச்சாமி நின்ற இடத்தில் தரையைத் தட்டிப் பார்த்தேன். கட்டில், பரண், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தேன். பீரோவைத் திறந்தபோது கதவின் உட்பக்கத்தில் என் மதிப்புரைகள் பதினான்கும் வரிசையாக ஒட்டியிருந்தன. லேபிள் ஒட்டுகிறவர் அல்லவா, இவற்றை மட்டும் கோணல் இல்லாமல் ஒட்டியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. சாமர்த்தியம் இருப்பவன் பாக்கையும் சீப்பையும் வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் என் நேரத்தை வீணடித்திருக்கிறான். இருந்திருந்து ஒன்றை உருப்படியாகச் செய்தான், அதிலும் என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

மாட்டிவிட்டதாக ஏன் சொல்கிறேன் என்றால், இது நல்ல வித்தை. பொருளுக்கு இரண்டு போட்டாக வேண்டும். ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற தீப்பெட்டி, கலப்படம் ஏதும் இல்லை. கைநேர்த்திக்கும் இரண்டு. அவர் கையே படவில்லை, மூடியது மனைவி. சூட்சுமம் தெரியாததால் பார்வையாளரிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வியப்புக்கு ஆறு வந்துவிடும். பத்துக்குப் பத்து. சீனிச்சாமி நிரந்தரமாக மறைந்துவிடுவார். உள்ளதை எழுதினால் அவர் ஜெயிப்பார், திரும்ப மாட்டார். குறைத்து எழுதினால் திரும்புவார், நான் பொய்யன். இப்படி ஒரு கணக்கை லேபிள் ஒட்டுகிற ஆள் யோசித்திருக்கிறார்.

வியாழனன்று ராசகனி மறுபடி வந்தார். கணவருக்கென்று கட்டிக்கொண்டுவந்த சோற்றுத் தூக்கு ஒன்றை லூர்துமேரியின் மேசையில் வைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"சார், கொறச்சலாப் போட்டுருங்க."

"காரணம் இல்லாமல் குறைக்க முடியாது."

"பதினாலு தடவ கொறச்சீகளே சார்."

"பதினான்கு தடவையும் காரணம் இருந்தது."

அவர் கொஞ்ச நேரம் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார். "வீட்ல சத்தமே இல்ல சார். அவுக எந்நேரமும் எதையாவது கையில வச்சு உருட்டிக் கீழ போட்டுக்கிட்டே இருப்பாக. கரண்டி, பித்தான், சாவி. பதினஞ்சு வருசம் அந்தச் சத்தத்துலயே இருந்துட்டேன். இப்பச் சோறு எறங்க மாட்டேங்குது." பிறகு, "கொறச்சுப் போடுங்க. ஆனா கேவலமா எழுதிராதீக. அவுக வந்து படிப்பாக" என்றார்.

இரண்டும் ஒன்றாக நடக்காது என்று சொன்னேன். என் மதிப்புரையில் மதிப்பெண்ணும் மரியாதையும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அவர் சரி என்று எழுந்து போனார். வாசலில் திரும்பி நின்று, "சாப்பிட்டாகளான்னு கேக்கக்கூட வழியில்ல பாருங்க" என்று லூர்துமேரியிடம் சொன்னார்.

லூர்துமேரி தினமும் சாயங்காலம் கேட்டுக்கொண்டிருந்தார். "சார், நிரந்தரம்னா எனக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பிருங்க. இறப்புல ஏத்தணும். இறப்புக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல தீப்பெட்டின்னு போடலாமா, சீனிச்சாமின்னே போடலாமா?"

"ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்."

"ஞாயிறு எனக்கு லீவு சார். உங்களுக்காக வேணா வாறேன்."

வெள்ளியும் சனியும் போயின. இருநூறு தடவைக்கு மேல் அந்தப் பெட்டியை மூடியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்க்கும்போது நான் இருந்தேன். என் சேகரிப்பில் இருக்கிற ஆயிரம் சாமானையும் எடுத்துத் தரையில் பரப்பிப் பார்த்தேன். இதற்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. எல்லாம் பிளாஸ்டிக்கும் பசையுமாகக் கிடந்தன. வெட்கமாக இருந்தது. அவற்றுக்கு அரையும் முக்காலும் போட்டதே அதிகம் என்று தோன்றியது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏழு நாள் முடிகிறது. ஒன்பதரைக்கு ராசகனி வந்தார். லூர்துமேரியும் வந்து, இறப்புப் பதிவேட்டைத் திறந்து பேனாவை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் படிவத்தில் பொருளுக்கு இரண்டும் கைநேர்த்திக்கு இரண்டும் எழுதினேன். பதினெட்டு வருடத்தில் அந்தக் கட்டங்களில் முழு எண் எழுதியது அதுதான் முதல் தடவை. பேனா சரியாக ஓடவில்லை.

அடுத்தது வியப்பு. பார்வையாளர் வாயால் சொல்வதுதான் சான்று. அந்தப் பதிலால் மதிப்பெண் என்ன ஆகும் என்பதை அவரிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. கேள்வியை மூன்று முறை கேட்கலாம். கடைசிப் பதிலைத்தான் எழுத வேண்டும். வழக்கமாக நான் ஒரு முறைக்கு மேல் கேட்பதில்லை. ஜனங்களின் புருவம் பற்றிய வியாக்கியானங்களைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

"வித்தையைப் பார்த்தபோது உங்கள் புருவம் எத்தனை நூல் ஏறியது?"

ராசகனி நிமிர்ந்து உட்கார்ந்தார். பரீட்சைக்கு வந்தவர் மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "ஆறு நூலு சார். ஆறுன்னே எழுதிக்கிடுங்க."

பேனாவைத் தாளில் வைத்தேன். எழுதவில்லை.

"உங்கள் புருவம், அந்த நேரத்தில். எத்தனை நூல் ஏறியது?"

"ஏறுனாத்தான சார் அவுகளுக்குப் பெரும? கூடவே இருந்தவ ஏறலன்னு சொன்னா அசிங்கம்ல?"

"பெருமையைக் கேட்கவில்லை. எத்தனை நூல்?"

அது மூன்றாவது முறை. லூர்துமேரி பேனாவின் மூடியைத் திறந்தார். ராசகனி மேசை மேலிருந்த தீப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பத்துக்கு நாலு நிமிடம் இருந்தது.

"ஏறல சார்" என்றார்.

"கொஞ்சம்கூட?"

"பொய் சொல்லக் கூடாதுல்ல. ஏறல. மூடுன்னாக, மூடுனேன். பாத்தேன், ஆளில்ல. சரி, போயிட்டாகன்னு பாலை எறக்கப் போயிட்டேன். அவுக செய்வாகன்னு எனக்குத் தெரியும் சார். மொத தடவ பாக்கு மறைச்சப்பவே தெரியும், என்னைக்காச்சும் ஒரு நாள் பெருசா ஒண்ணு செய்வாகன்னு. தெரிஞ்சது நடந்தா எதுக்கு சார் ஆச்சரியப்படணும்? உங்களுக்குத்தான் தெரியாம இருந்துச்சு."

சீனிச்சாமி செய்த தவறு எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. தெருவில் போகிற எவரையாவது கூப்பிட்டுக் காட்டியிருந்தால் பத்துக்குப் பத்து. நாய் உரிமம் வாங்க வந்தவரிடம் காட்டியிருந்தால்கூட ஒன்பது. ஊரில் அவரால் ஆச்சரியப்படுத்த முடியாத ஒரே ஆளைப் பார்த்து உட்காரவைத்துக் காட்டியிருக்கிறார். வித்தைக்காரர்கள் எல்லாவற்றையும் யோசிப்பார்கள், எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்பதைத் தவிர.

வியப்பு, பூஜ்யம். மொத்தம் நான்கு. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன்.

இடதுபக்கத் தட்டு பாக்கு, மோதிரம் அளவுக்குச் செய்தது. சீனிச்சாமி அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். மேசை கொஞ்சம் சாய்ந்தது. அவர்மேல் தீக்குச்சி மருந்தின் வாசனை அடித்தது. மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"எத்தன சார்?"

"பொருளுக்கு இரண்டு. கைநேர்த்திக்கு இரண்டு."

அவர் முகம் விரிந்தது. "ரெண்டுலயும் முழுசா?"

"வியப்புக்குப் பூஜ்யம். மொத்தம் நான்கு."

"பூஜ்யமா? யாரு சார் பூஜ்யம்னு சொன்னது?"

"நாந்தான்" என்றார் ராசகனி.

சீனிச்சாமி தட்டிலிருந்தபடியே திரும்பினார். "என்ன ராசகனி இப்பிடிச் சொல்லிட்ட? ஆறு நாளு உள்ள இருந்திருக்கேன்."

"ஏழு நாளு."

"சரி, ஏழு. உனக்கு ஒண்ணுமே தோணலயா?"

"நீங்க செய்வீகன்னு எனக்குத் தெரியும்ல."

சீனிச்சாமி தட்டைவிட்டு இறங்கவில்லை. மேசை மேலிருந்த என் குண்டூசி டப்பியை எடுத்து விரலுக்குள் உருட்டினார். அது நழுவிக் கீழே விழுந்து ஊசிகளெல்லாம் தரையில் சிதறின. அந்தச் சத்தம் கேட்டதும் ராசகனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். லூர்துமேரி இறப்புப் பதிவேட்டை மூடிவிட்டு, "அப்ப நான் பூசைக்குப் போகலாமா சார்?" என்றார். இனி போனால் பூசை முடிந்திருக்கும், ஆனாலும் போனார்.

உரியவர் கையெழுத்து என்ற இடத்தில் ராசகனி கையெழுத்துப் போட்டு அவரை வாங்கிக்கொண்டார். "பசிக்கும். வாங்க" என்றார். சீனிச்சாமி தட்டிலிருந்து இறங்கி வேட்டியை உதறிக் கட்டினார். மதிப்புரை எப்போது ஒட்டுவீர்கள் என்று கேட்டார். நாளைக்கு என்றேன். விதிப்படி தீப்பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். வாசல்வரை போனவர், எதையோ நினைத்துக்கொண்டவராகத் திரும்பி வந்து சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

"மறந்துட்டேன் சார். உள்ள ஒரு பலகையில இருந்துச்சு, ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்துல. தோலு இல்லாத பழம். இது உங்களோடதான்னு பாருங்க."

பீடிக் கட்டுத் தாளில் மடித்து வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். என் புருவங்கள். பதினெட்டு வருடத்தில் ஓரம் நரைத்திருந்தன.

"நான் போனப்பச் சும்மாதான் சார் படுத்துக் கெடந்துச்சு. திங்கக்கெழம மத்தியானம் மேல ஏறுச்சு. அதுக்கப்பறம் எறங்கவே இல்ல. எதுவும் கோளாறோ என்னமோ, பாத்துக்கிடுங்க."

இருவரும் போனார்கள். தெருவில் எதுவோ கீழே விழுகிற சத்தம் கேட்டது, ராசகனி குனிந்து எடுப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் அளவுகோலை எடுத்து, தாளுக்கு மேல் புருவங்கள் ஏறி நின்ற உயரத்தை அளந்தேன். இரண்டும் சரியாக ஆறு நூல். படிவத்தில் பார்வையாளரின் புருவத்துக்குத்தான் இடம் இருக்கிறது, மதிப்பீட்டாளருடையதற்கு இல்லை. தாளோடு எடுத்து மேசை இழுப்பறையில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடப் பார்த்தேன். மூட முடியவில்லை. அவை ஏறியிருந்த உயரம் இடித்தது. திறந்தபடியே விட்டுவிட்டு, சீனிச்சாமி கொட்டிய குண்டூசிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.